ட்ரையல்ஸ் வண்டி சைலன்சருக்குள் எந்தப் பஞ்சு?

சைலன்சரைத் திறப்பதா அப்படியே ஓட்டுவதா, திறந்தால் உள்ளே எந்தப் பஞ்சை வைப்பது, அந்த வேலையை நானே செய்வதா பட்டறையில் கொடுப்பதா என்று குழம்பியே போன வருடம் எனக்கு இரண்டு மாதம் போனது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அதில் பாதி ஆர்எக்ஸ் 100க்குச் சரி, மீதி புல்லட்டுக்குச் சரி, என் வண்டிக்கு எது சரி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ஒரு தடவை தப்பாகவும் அடுத்த தடவை ஓரளவு சரியாகவும் செய்து முடித்துவிட்ட தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

ட்ரையல்ஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. இது ரேஸ் கிடையாது. பாறை, சரிவு, ஓடை, மரவேர் என்று குறித்துவைத்த பகுதியைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும், ஒரு தடவை ஊன்றினால் 1 பாயிண்ட் தண்டம், விழுந்தாலோ பின்னால் உருண்டாலோ 5, ஒன்றுமே ஊன்றாமல் வந்தால் பூஜ்யம், பூஜ்யம்தான் இங்கே பெரிய மதிப்பெண். டோனி பௌ என்ற ஸ்பெயின்காரர் 2007இல் தொடங்கி பதினைந்து வருடத்துக்கும் மேலாக உலகப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த விளையாட்டு இது. வண்டிக்கு உட்கார சீட் கிடையாது, எடை 70 கிலோ சுற்றுவட்டாரம், டேங்க் இரண்டு மூன்று லிட்டர். ரோட்டில் ஓட்ட முடியாது, என்னுடைய பழைய 250 சிசி டூ-ஸ்ட்ரோக் ஸ்பெயின் வண்டி பெங்களூர் கனகபுரா ரோடு தாண்டி ஒரு நண்பரின் தோட்டத்துக்குக் குட்டி யானையில்தான் போய் வரும். பாறைக்குப் பெங்களூரில் பஞ்சமில்லை என்பது உண்மை, ஆனால் ராமநகரா பக்கம் கழுகுச் சரணாலயம் இருக்கிறது, அந்தப் பாறைகளில் போய் ஏற்றலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சொந்த நிலம் உள்ள ஒருவரைச் சிநேகிதம் பிடிப்பதுதான் வழி. அப்படிப் பிடித்த சிநேகிதம் கெட்டுப்போகாமல் இருக்க வண்டி சத்தம் போடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் மாடு மிரண்டால் அடுத்த ஞாயிறு கேட் பூட்டியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பின் சைலன்சர் என்பது ஒரு அலுமினிய டப்பா, நடுவில் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட குழாய், குழாய்க்கும் டப்பாவுக்கும் இடையில் நார்ப் பஞ்சு. சத்தம் ஓட்டை வழியாகப் பஞ்சுக்குள் புகுந்து நார்களில் உரசி உரசி வெப்பமாக மாறி அடங்குகிறது. நாருக்கு நடுவில் காற்று இருந்தால்தான் இது நடக்கும், இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும். ரேஸ் வண்டியில் பஞ்சு கருகிப் பறந்துபோய்த் தீர்ந்துவிடும். ட்ரையல்ஸ் டூ-ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. நாம் ஓட்டுவது பெரும்பாலும் ஐட்லிங்குக்குக் கொஞ்சம் மேலே, முதல் கியரிலும் இரண்டாவதிலும், எஞ்சின் சூடு ஏறுவதற்குள் கிளச்சைப் பிடித்துவிடுகிறோம், பெட்ரோலில் கலந்த ஆயில் முழுசாக எரியாமல் போய்ப் பஞ்சில் ஊறுகிறது. ஊறிய பஞ்சில் காற்று ஏது? வடைக்கு ஊறப்போட்ட உளுந்து மாதிரி கனத்துக் கிடக்கும், சத்தம் அதன் மேல் பட்டு அப்படியே திரும்பி வரும்.

ஆகவே இந்த வண்டிக்குப் பஞ்சு தேர்வு செய்யும்போது எதிரி சூடு இல்லை, ஆயில். எனக்கு இது புரிய ஒரு தடவை காசு போனது.

திறப்பதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடலோர ஊரோடு ஒப்பிட்டால் இங்கே காற்று எட்டு சதவீதம் போல லேசு. கடல் மட்டத்துக்கு ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) போட்டு வந்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றும், அதோடு ஆயிலும் போகும். சின்ன ஆக்சிலேட்டருக்கான பைலட் ஜெட்டை ஒரு படி இறக்கியதில் என் வண்டியில் கறுப்புச் சொட்டு பாதியாகக் குறைந்தது, நாம் எப்போதும் சின்ன ஆக்சிலேட்டரில்தான் இருக்கிறோம் என்பதால் மெயின் ஜெட்டைவிட இதற்குத்தான் வேலை அதிகம். ஆயில் கலவையையும் பாருங்கள். பல ட்ரையல்ஸ் வண்டிகளுக்கு 80க்கு 1 போதும், அதாவது லிட்டருக்கு 12.5 மில்லி, உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அது. பழைய டூ-ஸ்ட்ரோக் பழக்கத்தில் லிட்டருக்கு 25 மில்லி ஊற்றுகிறவர் தேவையானதைப்போல இரண்டு மடங்கு ஆயிலைச் சைலன்சருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால் கிளச் பக்கத்து கிராங்க் சீல் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கலாம், அந்த ஆயிலும் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு இங்கேதான் வரும். இதையெல்லாம் சரிசெய்யாமல் புதுப் பஞ்சு வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

இதெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் தகரம் தட்டுவது மாதிரி ஆகிவிட்டது, மூடி ஓரத்தில் கறுப்பாக வழிகிறது, கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப் மந்தமாக, யாரோ மூக்கைப் பொத்திக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றால் பஞ்சு முடிந்துவிட்டது.

இப்போது வழிகள். முதலாவது, திறக்காமலேயே விடுவது, அல்லது நீளமான ஏற்றத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நல்ல ஆர்பிஎம்மில் ஓட்டி உள்ளே இருக்கும் ஆயிலைச் சூட்டிலேயே எரித்துவிடுவது. ஊறல் ஆரம்ப நிலையில் இருந்தால் இது உண்மையிலேயே வேலை செய்யும், ஒரு காசு செலவில்லை. பத்து நிமிடம் வெள்ளைப் புகை வரும், அப்புறம் சத்தம் ஒரு படி இறங்கும். ஆனால் ரொம்ப ஊறிப்போன பஞ்சுக்கு இது உதவாது, மேலாக இருக்கும் ஆயில் எரிந்து கரியாகிச் சல்லடை ஓட்டைகளை அடைத்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம், ஒரு பொறி போதும். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நிறுத்திவைத்து முறுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். குடியிருப்புப் பகுதிக்குப் பகலிலேயே 55 டெசிபல்தான் வரம்பு, அதைவிட முக்கியம் மூன்றாவது மாடிக் கன்னட ஆன்ட்டி.

இரண்டாவது வழி, சுட்டு எடுப்பது. நீலசந்திராவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஆம்பூர்க்காரர், ஆர்எக்ஸ் 100 சைலன்சர் எத்தனை சுட்டிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. என் டப்பாவைப் பார்த்ததுமே, “தம்பி, இதுக்கா யோசிக்கிற? கேஸ் கட்டர்ல ரெண்டு நிமிஷம் காட்டிட்டு காஸ்டிக்ல ஊறப்போட்டா புதுசு மாதிரி வந்துடும்” என்றார். அவர் சொன்னது ஆர்எக்ஸுக்கு நூற்றுக்கு நூறு சரி. அந்தச் சைலன்சர் இரும்பு, உள்ளே பஞ்சும் கிடையாது, வெறும் தடுப்புத் தகடும் கரியும்தான். என்னுடையது அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், கேஸ் கட்டரின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு, சிவந்து காட்டி எச்சரிக்கவும் செய்யாது, பார்த்துக்கொண்டே இருக்கும்போது தொப்பென்று ஓட்டை விழும். காஸ்டிக் சோடா இன்னும் மோசம், அலுமினியத்தையே தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு நுரைத்துக் கிளம்பும், பக்கத்தில் அண்ணனின் பீடி வேறு. இதை நான் எடுத்துச் சொன்னதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஒரு காந்தத்தை எடுத்து டப்பாவில் வைத்துப் பார்த்தார், கீழே விழுந்தது, “அப்போ வேணாம் தம்பி” என்று முடித்துவிட்டார்.

அந்தக் காந்தச் சோதனை நல்ல பழக்கம். ஒட்டினால் இரும்பு, காஸ்டிக்கும் தீயும் தாங்கும். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ ஸ்டெயின்லஸ் ஸ்டீலாகவோ இருக்கலாம், எது என்று உறுதியாகத் தெரியாதவரை காஸ்டிக் பக்கமே போக வேண்டாம். சல்லடைக் குழாய் பெரும்பாலும் இரும்பு அல்லது ஸ்டெயின்லஸ்தான், அதைத் தனியாகக் கழற்ற முடிந்தால் அதை மட்டும் சுட்டுக்கொள்ளலாம். பழைய பஞ்சையே பெட்ரோலில் அலசிக் காயவைத்துத் திரும்ப வைக்கும் யோசனையும் ஒன்று உண்டு. அலசிய நார் முடி சிக்கானது மாதிரி தட்டையாகிவிடும், உப்பவே உப்பாது. பெட்ரோல் முழுசாகப் போகாமல் இருந்தால் முதல் ஸ்டார்ட்டில் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

ஆக, திறந்து புதுப் பஞ்சு. எந்தப் பஞ்சு என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

நான் முதலில் வாங்கியது செராமிக் வூல். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் ஃபர்னஸுக்கு விற்கும் வெள்ளைப் போர்வை. பொட்டலத்தில் 1260 டிகிரி என்று எழுதியிருந்தது, அதைப் பார்த்து மயங்கிவிட்டேன், 1260 தாங்குகிறது என்றால் என் சுண்டைக்காய் வண்டி எம்மாத்திரம் என்று. கத்தரியில் வெட்டவும் சுற்றவும் ரொம்பச் சுலபம், முதல் ஞாயிறு சத்தம் அப்படியே அடங்கிப்போனது, நண்பரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். ஐந்தாவது ஞாயிறு சைலன்சர் வாயில் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி ஒன்று வழிந்தது. செராமிக் நார் குட்டையானது, நொறுங்கக்கூடியது. அசையாமல் நிற்கும் ஃபர்னஸ் சுவரில் அது ராஜா. அதிர்ந்துகொண்டும் துடித்துக்கொண்டும் இருக்கும் சைலன்சரில் மாவாகிவிடும், அந்த மாவு ஆயிலோடு சேர்ந்து சல்லடை ஓட்டைகளை நன்றாகப் பூசி அடைக்கும். அதோடு அந்தத் தூசியும் நல்லதில்லை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த வகை செராமிக் நாரைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. நமக்குப் பின்னால் ஓட்டி வருகிறவர் மூக்குக்கு நேராகத்தான் நம் சைலன்சர் இருக்கிறது. என் ஓட்டு செராமிக்குக்குக் கிடையாது, 1260 என்ற எண்ணைக் காட்டி விற்க வருகிறவரிடம் நம் வண்டிக்கு அந்த எண் தேவையே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

ராக் வூல், கட்டடத்துக்குப் போடும் மஞ்சள் கிளாஸ் வூல் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஃபால்ஸ் சீலிங் வேலை நடக்கும் இடத்தில் மிச்சம் மீதி இலவசமாகவே கிடைக்கும், அதனால்தான் ஆசை வருகிறது. இவற்றில் குட்டை நார்களைப் பிசின்தான் ஒட்டிப் பிடித்திருக்கிறது, அந்தப் பிசின் 200, 250 டிகிரிக்கு மேல் கருக ஆரம்பித்துவிடும், கருகிய பிறகு நாரைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. முதல் நாள் நாற்றம் வேறு குடலைப் பிடுங்கும். அவசரத்துக்கு ஒரு மாதம் ஓடும், அவ்வளவுதான்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணிக்கிற வைத்தியமும் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முழு டப்பாவையும் அதனாலேயே நிரப்பினால் சுருள் சுருளான பட்டைக் கம்பிக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விழுந்து சத்தம் தாராளமாக வெளியே போகும், எடையும் ஏறும். பழைய ஹார்ட்வேர் கடைகளில் பாய்லர் கதவுக்கு விற்கும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை, தொடவே தொடாதீர்கள்.

பசால்ட் நார் என்று ஒன்று வருகிறது, எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த பழுப்பு நிற நார், பார்க்கவே தலைமுடி மாதிரி பளபளப்பு. கண்ணாடி நாரைவிடச் சூடு தாங்கும், நொறுங்காது. உங்களுடையது மொன்டேசா கோட்டா 4ஆர்டி மாதிரி ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன், ஃபோர்-ஸ்ட்ரோக்கின் புகை சூடானது, ஆயில் இல்லாதது, அங்கே பஞ்சு ஊறாது, வெந்துதான் சாகும். டூ-ஸ்ட்ரோக்குக்கு இது கெடுதல் இல்லை, கூடுதல் விலைக்கு நமக்குக் கிடைக்கும் லாபம்தான் குறைவு, ஆயில் பசால்ட் என்று பார்த்து ஒதுங்கிப் போகப்போவதில்லை.

மிச்சமிருப்பது கண்ணாடி நார், ஆனால் எல்லாக் கண்ணாடி நாரும் ஒன்றல்ல. ஜே.சி. ரோடு சுற்றினால் ஃபைபர் கிளாஸ் என்று கேட்டதும் எடுத்துக் கொடுப்பது எஃப்ஆர்பி (கண்ணாடி நார் சேர்த்த பிளாஸ்டிக்) வேலைக்கான மேட், தண்ணீர்த் தொட்டி, பஸ் பம்பர் செய்கிறார்களே அது. விரல் நீளத் துண்டுகளைப் பசைப் பொடியால் ஒட்டிய விரிப்பு. சுற்றுவதற்கு லகுவாக இருக்கும், பசை எரிந்ததும் துண்டுகள் கழன்று ஒவ்வொன்றாக ஓட்டை வழியே கம்பி நீட்டிவிடும். நமக்கு வேண்டியது அறுபடாத நீள நார். சைலன்சருக்கென்றே விற்கும் வெளிநாட்டுப் பேக்கிங் ஷீட்டுகள் பெரும்பாலும் இதுதான், இணையத்தில் வாங்கலாம், ஒரு ஷீட்டில் என் மாதிரி டப்பா இரண்டு முறை நிரம்பும். இன்னொரு மலிவு வழி, அதே எஃப்ஆர்பி கடையில் ரோவிங் என்று பெரிய நூல்கண்டு மாதிரி கிடைக்கும், அதுவும் அறுபடாத நார்தான், ஆனால் இறுக்கமான கற்றையாக இருக்கும், அப்படியே சுற்றினால் கயிறு சுற்றின மாதிரி ஆகிவிடும், காற்றடித்துப் பிரித்து உப்பவைத்தால்தான் பஞ்சு. கார் சைலன்சர் செய்யும் ஃபாக்டரிகளில் இப்படித்தான் அமுக்கப்பட்ட காற்றால் நூலை ஊதிப் பஞ்சாக்கி நிரப்புகிறார்கள். ஒசூரிலிருந்து வரும் என் சிநேகிதன் இதைக் கேட்டுவிட்டு ஒரு பஞ்சர் கடையில் ஏர் கன்னை வாங்கி, அரைக்கைச் சட்டையோடு, ஊதினான். பஞ்சு அருமையாக உப்பியது. இரண்டு நாள் அவன் சொறிந்ததையும், கடைக்காரர் சொறிந்துகொண்டே அவனைத் திட்டியதையும் கணக்கில் சேர்த்தால் ரெடிமேட் ஷீட்டே மலிவு.

என் முடிவு இரண்டு அடுக்கு. சல்லடைக் குழாயை ஒட்டி ஸ்டெயின்லஸ் ஸ்டீல் வூல், அரை விரல் கனத்துக்கு ஒரே ஒரு சுற்று, அதன் மேல் நீளக் கண்ணாடி நார். ஸ்டீல் வூல் சத்தத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை, அது ஒரு வேலி, புகையின் நேரடி அடியை வாங்கிக்கொண்டு நார் ஓட்டை வழியே பிடுங்கப்படாமல் தடுக்கிறது, ஆயிலில் ஒரு பங்கும் கம்பியிலேயே படிந்து, சூடாகும்போது எரிந்தும் போகிறது. பாத்திர நாரில் பாதி உண்மை என்று சொன்னது இதுதான், நல்ல ஸ்டெயின்லஸ் நாராக இருந்தால் பிரித்து விரித்து இந்த ஒரு சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். மலிவான பாத்திர நாரில் பல, சிங்க்கிலேயே ஒரு வாரத்தில் துரு காட்டிவிடும், அது வேண்டாம்.

எவ்வளவு வைப்பது என்பதில் என்னைக் கேட்டால் பஞ்சின் வகையைவிடத் தப்பு அதிகம் நடக்கிறது. தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி அழுத்தி அழுத்தித் திணித்தால் காற்று வெளியேறிவிடும், ஊறிய பஞ்சுக்கும் இதற்கும் அப்புறம் வித்தியாசமில்லை. தளர்வாக விட்டால் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கரைந்துபோகும். சைலன்சர் வேலையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, லிட்டர் கொள்ளளவுக்கு 100 முதல் 130 கிராம் கண்ணாடி நார். என் டப்பாவின் உள்விட்டம் 9 செ.மீ., குழாய் 3 செ.மீ., பஞ்சு நிற்கும் நீளம் 20 செ.மீ. ஒன்பதின் வர்க்கத்திலிருந்து மூன்றின் வர்க்கத்தைக் கழித்தால் 72, அதை 0.785ஆல் பெருக்கி 20ஆல் பெருக்கினால் 1130 கன செ.மீ., அதாவது 1.1 லிட்டர் சொச்சம். ஆக 115 முதல் 145 கிராம். நான் 125 வைத்தேன், வீட்டம்மாவின் சமையலறைத் தராசில் பிளாஸ்டிக் கவர் போட்டு நிறுத்து, கவர் போட்டதை அவளிடம் சாட்சியோடு நிரூபித்து. அதே தராசில் வெளியே எடுத்த பழைய சேற்றை நிறுத்தபோது 380 காட்டியது. கால் கிலோவுக்கு மேல் ஆயிலையும் கரியையும் வண்டியின் வால் நுனியில் தூக்கிக்கொண்டு பாறை ஏறியிருக்கிறேன், விழுந்ததற்கெல்லாம் டயரைக் குறை சொல்லிக்கொண்டு.

நானா பட்டறையா என்ற கேள்வி எனக்கு இப்போது கேள்வியே இல்லை. பாப் ரிவெட் அடித்த டப்பா என்றால் வீட்டிலேயே ஒரு மதியம். தேவை ஒரு டிரில், ரிவெட் கன், கம்பி பிரஷ், கையுறை, மாஸ்க், முழுக்கைச் சட்டை. எஸ்.பி. ரோட்டில் எல்லாமே ஒரே சந்தில் கிடைக்கும். பட்டறையில் கொடுத்தால் கூலி பெரிதாக வராது, ஆனால் நிறுத்து வைப்பார்களா, குழாய் ஓட்டைகளைத் தேய்ப்பார்களா, மூடிக்குச் சீலண்ட் போடுவார்களா என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், நின்று பார்க்கிற நேரத்தில் நாமே செய்துவிடலாம். முதல் தடவை அவசரத்தில் ஓரிடத்தில் கொடுத்தேன், டப்பா திரும்பி வந்தபோது மூடி எண்பது டிகிரி திரும்பிப் பொருத்தியிருந்தது, வண்டி தன் பின்சக்கரத்துக்கே புகை போட்டது. சில வண்டிகளில் எஞ்சின் குழாய்க்கும் பின் சைலன்சருக்கும் இடையில் இருக்கும் நடுப்பெட்டியை வெல்ட் அடித்து மூடியிருப்பார்கள், அதை அறுத்துத் திறந்து திரும்ப மூடுவது மட்டும் வீட்டு வேலையில்லை, அலுமினியம் என்றால் ஆர்கன் வெல்டிங் தெரிந்த கை வேண்டும், பீன்யாவில் அப்படிப்பட்ட கைகளுக்குக் குறைவில்லை. முடிந்தவரை நடுப்பெட்டியைத் திறக்காமல், கழற்றிக் கவிழ்த்து ஒரு ராத்திரி ஆயிலை வடியவிட்டுப் பாருங்கள், ஆச்சரியப்படும் அளவுக்கு வடியும்.

புதுச் சைலன்சரே இறக்குமதி செய்வது கடைசி வழி. பார்ட் விலை, கூரியர், சுங்கவரி என்று கூட்டினால் ஏழெட்டுத் தடவை பஞ்சு மாற்றும் காசு, அதிலும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், வந்த பிறகு அதுவும் ஊறத்தான் போகிறது. சல்லடைக் குழாய் உள்ளே முறிந்திருந்தாலோ, பாறையில் அடிபட்டு டப்பா சப்பளிந்து குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ மட்டும் யோசிக்கலாம். அப்போதும் சிவாஜிநகர் பக்கம் ஒரு நல்ல டிங்கர் கையில் கொடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு.

செய்யும்போது நான் இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன். ரிவெட்டின் தலையை மட்டும் டிரில் செய்யுங்கள், 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 5 மி.மீ. பிட், ஆழமாகப் போய் டப்பாவின் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டால் அடுத்த ரிவெட் பிடிக்காது. கழற்றுமுன் மூடிக்கும் டப்பாவுக்கும் குறுக்கே மார்க்கரில் ஒரு கோடு, மேலே சொன்ன எண்பது டிகிரிக்காக. உள்ளே விழுந்த ரிவெட் துண்டுகளை எண்ணி எடுங்கள், ஒன்று தங்கினாலும் கிலுகிலுப்பை. குழாயின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டியிருந்தது, அலுப்பான வேலை, ஆனால் சத்தம் உள்ளே போக வாசல் அதுதான். பஞ்சைச் சுற்றியபின் மாஸ்கிங் டேப்பால் இரண்டு மூன்று இடத்தில் லேசாகக் கட்டினால் டப்பாவுக்குள் சுருங்காமல் வழுக்கிப் போகும், டேப் முதல் சூட்டில் எரிந்து பஞ்சு உள்ளேயே விரியும். மூடி ஓரத்துக்கு மெக்கானிக்குகள் அனபாண்ட் என்று கேட்டு வாங்கும் சிலிக்கான் பேஸ்ட், சூடு தாங்கும் ரகம், மெல்லிய கோடாக. இரவு முழுக்கக் காயவிட்டு மறுநாள்தான் ஸ்டார்ட். ரிவெட் அலுமினியத்தில் போட்டால் அடுத்த தடவை கழற்றச் சுலபம், சீக்கிரம் தளரும், ஸ்டெயின்லஸ் நிற்கும் ஆனால் டிரில் பிட்டைத் தின்னும். வருடத்துக்கொரு தடவை திறக்கப்போகிற எனக்கு அலுமினியம்.

கையில் நார் குத்தினால் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், அந்தச் சட்டையை மற்ற துணியோடு மெஷினில் போட வேண்டாம். எடுத்த பழைய பஞ்சைக் காகிதத்தில் சுற்றி ரிஜெக்ட் குப்பைக்கான சிவப்பு டப்பாவில் போடுங்கள், உலர் குப்பைப் பையில் போட்டால் அதைக் கையால் பிரிக்கிற அம்மாவுக்குத்தான் அரிப்பு.

புதுப் பஞ்சோடு முதல் பத்து நிமிடம் டேப்பும் சிலிக்கானும் எரிகிற நாற்றம் வந்தது, அப்புறம் நின்றது. கீழ் ஆர்பிஎம்மில் பழைய பிக்கப் திரும்பியது, சத்தம் டொக் டொக் என்று மரத்தில் தட்டுகிற மாதிரி ஆகியிருக்கிறது. எட்டு மாதத்தில் மூடி ஓரம் இன்னும் காய்ந்தே இருக்கிறது, நான்காவது ரிவெட் மட்டும் லேசாக ஆடுகிறது, அதை இந்த வாரம் மாற்ற வேண்டும்.